அரசியல் அறிவியல் மேற்படிப்பு: மத்தியப் பல்கலைக்கழகமா, சென்னையா, தொலைநிலையா, வெளிநாடா?

போன மாதம் இரண்டு பேர் ஒரே கேள்வியோடு வந்தார்கள். ஒருத்தி ஏற்காட்டைத் தாண்டி ஒரு மலைக் கிராமத்துப் பெண். பி.ஏ. பொலிடிக்கல் சயின்ஸ் மூன்றாம் ஆண்டு. அப்பா, அம்மா இருவருக்கும் காப்பித் தோட்டத்தில் கூலி வேலை. இன்னொருவர் சேலம் செவ்வாப்பேட்டைத் தம்பி, வயது 27. தமிழ்வழியில் பி.ஏ. வரலாறும் அப்புறம் பி.எட்.டும் முடித்துவிட்டு, அப்பாவின் கொலுசுப் பட்டறையைப் பார்த்துக்கொள்கிறார். "எம்.ஏ. பொலிடிக்கல் சயின்ஸ் எங்கே சேர்ந்தால் நல்லது, அக்கா?" என்று இருவரும் கேட்டார்கள். இருவருக்கும் நான் சொன்ன பதில் வேறு வேறு. ஏன் வேறு என்று விளக்கமாக எழுதினால் இதே இடத்தில் நிற்கும் மற்றவர்களுக்கும் உதவும்.

நானும் சேலத்தில் பி.ஏ. படித்தவள்தான். பொலிடிக்கல் சயின்ஸ் துறை உள்ள கல்லூரிகள் நம் பக்கம் குறைவு என்பதால், இதைப் பற்றிக் கேட்க வீட்டிலோ தெருவிலோ ஆள் கிடைக்காது. 1944-ல் நீதிக்கட்சி திராவிடர் கழகமாக மாறிய மாநாடு நடந்த ஊர் இது. தேநீர்க் கடையில் அரசியல் பேச ஆள் உண்டு, அதைப் படிப்பாக எடுக்க வழி சொல்லத்தான் ஆள் இல்லை.

## எதை வைத்து எடை போடுவது

முதல் கேள்வி, பட்டம் எதற்கு? ஆசிரியர் வேலைக்கா, கல்லூரி விரிவுரையாளர் பணிக்கா, ஆராய்ச்சிக்கா, சிவில் சர்வீஸ் தேர்வுக்கா? கடைசி ஒன்றுதான் குறி என்றால் எம்.ஏ.வே தேவையில்லை. யு.பி.எஸ்.சி.க்கு ஏதாவது ஒரு பட்டம் போதும். விருப்பப் பாடமாக அரசியல் அறிவியலை எடுத்தால் 2 தாள், 500 மதிப்பெண். அதற்கான படிப்பை வீட்டிலிருந்தே படிக்கலாம்.

இரண்டாவது, பணம் எப்போது வேண்டும்? மொத்தச் செலவைவிட முன்பணம்தான் நம் வீடுகளில் கழுத்தைப் பிடிக்கும். ஐந்து ஆண்டுக்கு முழு உதவித்தொகை தரும் இடத்துக்குக்கூட, விண்ணப்பிக்கவே லட்ச ரூபாய் கையில் வேண்டியிருக்கலாம்.

மூன்றாவது, எந்த மொழியில் எழுதப் போகிறீர்கள்? ஆங்கிலத்தில் பேச வராது என்று பயப்படுகிறவர்கள் நிறைய. பேச்சு ஒரு வருடத்தில் வந்துவிடும். எழுத்துக்குத்தான் நாளாகும்.

நான்காவதுதான் எனக்கு முக்கியம், அதை யாரும் கேட்பதில்லை. நீங்கள் எழுதிய பத்துப் பக்கத்தை வரிவரியாகப் படித்து, சிவப்பு மையில் திருத்தி, "மறுபடி எழுதிக் கொண்டு வா" என்று சொல்லும் ஆசிரியர் எங்கே கிடைப்பார்? பரிந்துரைக் கடிதம், எழுத்து மாதிரி, பி.எச்டி. நேர்காணல் எல்லாம் அங்கிருந்துதான் வரும். பல்கலைக்கழகத்தின் பெயரை நான் இதற்கு அடுத்துத்தான் பார்ப்பேன்.

நான்கு வழிகளையும் ஒரு பார்வையில் பார்க்க:

| வழி | காலம் | முன்பணம் | எழுதும் மொழி | விண்ணப்பக் காலம் |
|---|---|---|---|---|
| மத்தியப் பல்கலைக்கழகம் | 2 ஆண்டு | நடுத்தரம் | ஆங்கிலம் | டிசம்பர், ஜனவரி வாக்கில், ஆண்டுக்கு ஆண்டு மாறும் |
| சென்னை, மாநிலப் பல்கலைக்கழகங்கள் | 2 ஆண்டு | குறைவு | ஆங்கிலம், சில இடங்களில் தமிழும் | பி.ஏ. முடிவை ஒட்டி |
| தொலைநிலை | 2 ஆண்டு, இக்னோவில் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) 4 வரை நீட்டலாம் | குறைவு | இக்னோவில் ஆங்கிலம், இந்தி | ஜனவரி, ஜூலை சேர்க்கை |
| வெளிநாடு | 1 முதல் 6 ஆண்டு | மிக அதிகம் | ஆங்கிலம் | அமெரிக்கா என்றால் டிசம்பர், ஜனவரி |

## மத்தியப் பல்கலைக்கழகம்

ஜே.என்.யூ. (டெல்லியில் உள்ள ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம்), டெல்லி, ஹைதராபாத், புதுச்சேரி எல்லாவற்றுக்கும் வாசல் ஒன்றுதான்: சியூஇடி பிஜி என்ற முதுகலைப் பொது நுழைவுத் தேர்வு. 2022 முதல் தேசியத் தேர்வு முகமை (என்.டி.ஏ.) நடத்துகிறது. 75 கேள்வி, சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறினால் 1 குறையும். இளங்கலைக்கான சியூஇடியைத் தமிழில் எழுதலாம். முதுகலைக்கான அரசியல் அறிவியல் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான் வரும். தமிழ்வழியில் படித்தவர்கள் பாடத்தைத் தெரிந்து வைத்திருந்தும் கேள்வி புரியாமல் மதிப்பெண் விடுவது இங்கேதான். ஆறு மாதம் முன்னாலேயே கலைச்சொற்களை இரண்டு மொழியிலும் எழுதிப் பழகினால் இதைத் தாண்டிவிடலாம். இறையாண்மைக்கும் சட்டமுறைமைக்கும் ஆங்கிலத்தில் என்ன சொல் என்று ஒரு நோட்டு போடுங்கள். இருநூறு சொல் சேர்ந்தாலே தாள் பயமுறுத்தாது.

கட்டணம் பெரிய பாரமாக இருக்காது. ஜே.என்.யூ.வில் கல்விக் கட்டணம் மட்டும் ஆண்டுக்குச் சில நூறு ரூபாய்தான். விடுதி மெஸ் பில்தான் மாதாமாதம் வரும் செலவு. கவனிக்க வேண்டிய செலவுகள் வேறு இடத்தில் இருக்கின்றன. சியூஇடி மதிப்பெண் வந்ததும் ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் தனித்தனியாகப் பதிவு செய்து தனித்தனியாகக் கட்டணம் கட்ட வேண்டும். தேர்வு எழுதியதோடு வேலை முடிந்தது என்று உட்கார்ந்து, சேர்க்கையைக் கோட்டைவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

அடுத்தது சாதிச் சான்றிதழ். பிற்படுத்தப்பட்டோர் பிரிவில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். கையில் இருக்கும் தமிழ்நாட்டு அரசின் பி.சி., எம்.பி.சி. அட்டை மத்தியப் பல்கலைக்கழகத்தில் செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயரில் (வருமானம், பதவியால் ஒதுக்கீட்டுக்கு வெளியே போகும் பிரிவில்) வரவில்லை என்று குறிப்பிட்ட ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும். அதுவும் நடப்பு நிதியாண்டில், அதாவது ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ. எல்லாம் தாண்டித் தாசில்தாரிடமிருந்து வரும். வரிசையில் நின்று வாங்கிய சான்றிதழை அங்கேயே பிரித்து, அப்பா பெயரின் எழுத்தும் இனிஷியலும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். டெல்லிக்குப் போன பிறகு திருத்த முடியாது. மலைவாழ் பழங்குடிப் பிள்ளைகளுக்குச் சான்றிதழ் தருவது கோட்டாட்சியர். அதற்கு இன்னும் முன்னாலேயே நடக்க ஆரம்பிக்க வேண்டும்.

தூரம் இன்னொரு கணக்கு. கேரளா எக்ஸ்பிரஸில் சேலத்தில் ஏறினால் டெல்லி போய்ச் சேர ஒன்றரை நாள் ஆகும். வீட்டில் யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் ஓடி வர முடியாது. அதனால்தான் பலரிடம் புதுச்சேரியைச் சொல்கிறேன். ஆத்தூர், கள்ளக்குறிச்சி, விழுப்புரம் வழியாகப் பஸ்ஸிலேயே போய்விடலாம். அங்கே அரசியலும் சர்வதேச ஆய்வும் சேர்ந்த துறை இருக்கிறது, வளாகத்துக்கு வெளியே தமிழ் இருக்கிறது.

ஏற்காட்டுப் பிள்ளைகளுக்கு ஒன்று. சேர்வராயன் மலையில் பழங்குடிச் சமூகத்தின் பெயரே மலையாளி. டெல்லியில் அந்தச் சான்றிதழை நீட்டினால் கேரளமா என்று கேட்பார்கள். சேலம் மாவட்ட மலையாளிகள் அட்டவணையில் இருக்கிறார்கள் என்பதைக் காட்டும் பழங்குடிப் பட்டியலின் தமிழ்நாட்டுப் பக்கத்தை ஒரு பிரிண்ட் எடுத்து ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள். கூச்சப்படாமல் விளக்கிச் சொல்லுங்கள்.

இந்த வழி யாருக்குப் பொருந்தும்? ஆராய்ச்சிக்குப் போக நினைப்பவர்களுக்கு, வேறு பாடத்தில் பட்டம் வாங்கிவிட்டு இந்தப் பக்கம் வர நினைப்பவர்களுக்கு, இரண்டு ஆண்டு வீட்டுக்குச் சம்பாதித்துத் தர வேண்டிய கட்டாயம் இல்லாதவர்களுக்கு. செமஸ்டர் தோறும் கட்டுரை எழுதச் சொல்லும் பழக்கம் அங்கே இருக்கிறது. நான் முன்பு சொன்ன சிவப்பு மை எனக்கு அங்கேதான் கிடைத்தது. என் முதல் கட்டுரை பன்னிரண்டு பக்கம், அதில் நான்கு பக்கம் முழுக்க அடிக்கப்பட்டுத் திரும்பி வந்தது. "இது நீ படித்தது. நீ நினைத்தது எங்கே?" என்று ஓரத்தில் எழுதியிருந்தார் ஆசிரியர். அதற்கு முன் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

## சென்னையும் மற்ற மாநிலப் பல்கலைக்கழகங்களும்

சென்னைப் பல்கலைக்கழகத்தில் அரசியல், பொது நிர்வாகத் துறை இருக்கிறது. மாநிலக் கல்லூரியில் எம்.ஏ. இருக்கிறது. மதுரை காமராசர், அண்ணாமலை இரண்டிலும் படிக்கலாம். நுழைவுத் தேர்வுக்கு ஆங்கிலத்தில் தயாராக நேரமில்லாதவர்களுக்கு இது நல்ல வழி. அரசுக் கல்லூரியில் கட்டணம் மிகக் குறைவு. ஏற்காடு எக்ஸ்பிரஸில் ராத்திரி சேலத்தில் ஏறினால் காலையில் சென்ட்ரல்.

இங்கே செலவைக் கூட்டுவது சென்னை வாடகைதான். அரசு விடுதி கிடைத்தால் சரி. கிடைக்காவிட்டால் தனியார் ஹாஸ்டலுக்குக் கட்டும் பணம் கல்விக் கட்டணத்தைப் போலப் பல மடங்கு ஆகிவிடும். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வாங்கிப் படித்த பெண்கள் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: அது இளங்கலையோடு நின்றுவிடும், எம்.ஏ.வுக்கு வராது.

தமிழ்நாட்டு அரசியலையே ஆராய வேண்டும் என்றால் சென்னைக்கு ஈடு கிடையாது. எழும்பூர் ஆவணக் காப்பகமும் கன்னிமாரா நூலகமும் ஒன்றுக்கொன்று நடந்து போகிற தூரத்தில் இருப்பதை டெல்லி தர முடியாது. துறையில் சேருவதற்கு முன் ஒரு நாள் நேரில் போய், இரண்டாம் ஆண்டு மாணவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: போன செமஸ்டரில் எத்தனை கட்டுரை எழுதினீர்கள், திருத்தித் திரும்ப வந்ததா?

## தொலைநிலை

இக்னோவின் எம்.ஏ. அரசியல் அறிவியலில் அரசியல் கோட்பாடு, சர்வதேச உறவுகள், ஒப்பீட்டு அரசியல், இந்திய ஜனநாயகம் என்று பாடநூல்கள் நன்றாக இருக்கின்றன. நேரில் படிக்கிறவர்களும் அதையே புரட்டுகிறார்கள். அசைன்மென்ட்டுக்கு 30 சதவீதம், தேர்வுக்கு 70. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) அனுமதி பெற்ற தொலைநிலைப் பட்டம் நேரில் படித்த பட்டத்துக்குச் சமம், கல்லூரி விரிவுரையாளர் தகுதிக்கான நெட் தேர்வுக்கும் அது செல்லும். சேரும் ஆண்டில் அந்தப் படிப்புக்கு அனுமதி இருக்கிறதா என்பதை மட்டும் யு.ஜி.சி. பட்டியலில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

வேலை செய்கிறவர்கள், கைக்குழந்தை உள்ள பெண்கள், பெற்றோரைத் தனியே விட முடியாதவர்கள் இந்த வழியைத் தாழ்வாக நினைக்க வேண்டாம். இங்கே கிடைக்காதது ஆசிரியர். அதைத் தெரிந்தே சேர வேண்டும். இரண்டு ஆண்டு முடிந்தாலும் உங்களை முகம் பார்த்துத் தெரிந்த ஒரு பேராசிரியர்கூட இருக்க மாட்டார், அதனால் வெளிநாட்டுக் கனவுக்கு இது ஒத்துவராது. நெட் எழுதி ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை வாங்குவதற்குத் தாராளமாகப் போதும். அதற்குப் பரிந்துரைக் கடிதம் வேண்டாம், தவறான விடைக்கு மதிப்பெண்ணும் குறையாது. கிடைத்துவிட்டால் மாதம் 37,000 ரூபாய்.

அரசுப் பள்ளி முதுகலை ஆசிரியர் பணியைக் குறிவைப்பவர்களுக்கு இரண்டு பள்ளம் இருக்கிறது. ஒன்று, இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடமாக இருக்க வேண்டும். பி.ஏ. வரலாறு, எம்.ஏ. பொலிடிக்கல் சயின்ஸ் என்று போனால் கிராஸ் மேஜர் என்று தள்ளிவிடுவார்கள். இரண்டு, தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத ஒதுக்கீட்டுக்குப் பள்ளியிலிருந்து அந்தப் பணிக்குக் கேட்கும் படிப்பு வரை தமிழிலேயே படித்திருக்க வேண்டும். பள்ளியும் பி.ஏ.வும் தமிழில் முடித்துவிட்டு எம்.ஏ.வை ஆங்கிலத்தில் படித்தால், எம்.ஏ. கேட்கும் பணிக்கு அந்த ஒதுக்கீடு கையைவிட்டுப் போகும். இரண்டு ஆண்டு உழைத்த பிறகு சான்றிதழ் சரிபார்ப்பில் இதைக் கேட்டு அழுதவர்கள் உண்டு. சேருவதற்கு முன் கடைசியாக வந்த ஆசிரியர் தேர்வு வாரிய (டி.ஆர்.பி.) அறிவிக்கையில் தகுதிப் பகுதியை ஒரு முறை முழுதாகப் படியுங்கள்.

## வெளிநாடு

அமெரிக்காவில் பி.எச்டி.க்கு எம்.ஏ. கட்டாயமில்லை. பி.ஏ.விலிருந்தே நேராக விண்ணப்பிக்கலாம். இடம் கிடைத்தால் பெரும்பாலும் கட்டணம் தள்ளுபடி, அதோடு வகுப்பு எடுப்பதற்கோ ஆய்வில் உதவுவதற்கோ மாதச் சம்பளம் போல ஒரு தொகை. ஐந்து, ஆறு ஆண்டு ஆகும். ஆனால் நம் பி.ஏ. மூன்று ஆண்டு. நான்கு ஆண்டுப் பட்டம் கேட்கும் பல்கலைக்கழகங்கள் பல இருப்பதால், இங்கிருந்து போகிறவர்கள் எம்.ஏ. முடித்துவிட்டுப் போவதுதான் பாதுகாப்பு.

முன்பணத்தைப் போட்டுப் பாருங்கள். ஒரு விண்ணப்பத்துக்குச் சுமார் 75 முதல் 100 டாலர். எட்டு இடம் என்றால் ஐம்பது முதல் எழுபதாயிரம் ரூபாய். ஆங்கிலத் தேர்வுக்குப் பதினைந்தாயிரத்துக்கு மேல். ஜி.ஆர்.இ. என்ற பொதுத் திறன் தேர்வைப் பல துறைகள் விட்டுவிட்டன, கேட்கும் துறைகளும் இருக்கின்றன. விசாவுக்கு 185 டாலர், அதற்கு முன் செவிஸ் என்ற மாணவர் பதிவுக் கட்டணம் 350 டாலர். இவ்வளவும் முதல் மாதச் சம்பளம் வருவதற்கு முன். 2025-ல் பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பி.எச்டி. சேர்க்கையைக் குறைத்தன, சில துறைகள் நிறுத்தியே வைத்தன. எனவே பட்டியலில் உள்ள ஒவ்வொரு துறையும் இந்த ஆண்டு ஆள் எடுக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பணம் கட்ட வேண்டும்.

அப்புறம் பரிந்துரைக் கடிதம். மூன்று வேண்டும். நான் பி.ஏ. கடைசி ஆண்டில் ஐந்து இடத்துக்கு விண்ணப்பித்தேன். என் மேல் பாசமான ஓர் ஆசிரியர், "லெட்டர்ஹெட்டில் அடித்துக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்மா, நீயே அனுப்பிக்கொள்" என்றார். அங்கே அப்படி முடியாது. பல்கலைக்கழகம் ஆசிரியரின் மின்னஞ்சலுக்கு ஓர் இணைப்பு அனுப்பும், அவரே உள்ளே போய் ஏற்ற வேண்டும். அந்த இணைப்பு ஸ்பாமில் கிடந்தது. தேடி எடுப்பதற்குள் கெடு முடிந்து இரண்டு விண்ணப்பம் முழுமையில்லை என்று மூடிவிட்டார்கள். கட்டிய பணம் அப்பா சங்கத்தில் கடன் வாங்கியது. அதனால் சொல்கிறேன்: கெடுவுக்கு மூன்று வாரம் முன்பே ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த இணைப்பைத் திறந்து காட்டி, ஏற்றி முடிக்கும் வரை இருந்துவிட்டு வாருங்கள். தயங்க வேண்டாம், அவர்கள் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் நம்மைப் போல ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து போகிறவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. ஆனால் மாதாமாதம் கொஞ்சமாக மட்டும் எடுக்க முடிகிற முடக்கிய வங்கிக் கணக்கில் ஆண்டுச் செலவுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும், நம் பணத்தில் பத்து லட்சத்துக்கு மேல். அதோடு நம் மதிப்பெண் பட்டியல்களைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ். பிரிட்டனில் ஓராண்டில் எம்.ஏ. முடியும், கட்டணம் தலை சுற்றும். பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகைக்கு இரண்டு ஆண்டு வேலை அனுபவம் கேட்பார்கள். கடன் வாங்கி அரசியல் அறிவியல் எம்.ஏ.வுக்கு பிரிட்டன் போவதை நான் யாருக்கும் சொல்வதில்லை. ஐ.டி. படித்தவர்கள் போல வேலை பார்த்துக் கடனை அடைக்கும் பாடம் இது கிடையாது.

பழங்குடியினருக்கு மத்திய அரசின் வெளிநாட்டு உதவித்தொகை தனியாக இருக்கிறது, ஆண்டுக்கு 20 இடம். பட்டியல் சாதியினருக்கான திட்டத்தில் 2022 முதல் இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றிய ஆய்வுத் தலைப்புகளை ஏற்பதில்லை. நம் பாடத்தில் பாதிப் பேருக்கு இது நேராக அடிக்கும். எனக்கு இது நியாயமாகப் படவில்லை. நம் ஊரை நாமே வெளியே போய் ஆராயக் கூடாதா?

## இருவருக்கும் என்ன சொன்னேன்

செவ்வாப்பேட்டைத் தம்பிக்குப் பள்ளி ஆசிரியர் வேலைதான் குறி. அவருக்கு பொலிடிக்கல் சயின்ஸே வேண்டாம், தமிழ்வழியில் எம்.ஏ. வரலாறு படிக்கச் சொன்னேன். பட்டறையை விடாமல், தொலைநிலையில். முகம் வாடிவிட்டது. அரசியல் மேல் அவ்வளவு ஆசை. கல்லூரி வேலைக்கு மாறத் தயார் என்றால் கதை வேறு. நெட்டுக்கும், மாநில அளவில் நடக்கும் செட்டுக்கும் முதுகலைப் பாடம்தான் கணக்கு. ஜே.ஆர்.எஃப். வயது வரம்பு 30, பிற்படுத்தப்பட்டோருக்கு 5 ஆண்டு தளர்வு. அப்போது இக்னோவே போதும். வீட்டில் பேசிவிட்டுச் சொல்வதாகப் போயிருக்கிறார்.

ஏற்காட்டுப் பெண்ணுக்கு சியூஇடி என்று அப்போதே முடிவு செய்துவிட்டோம். முதலில் புதுச்சேரி, அடுத்து ஹைதராபாத். ஜே.என்.யூ.வையும் போட்டு வைக்கலாம். வெளிநாடு எம்.ஏ.வுக்குப் பிறகு. இங்கேயே பி.எச்டி. என்றாலும் பழங்குடி மாணவர்களுக்கான தேசிய ஃபெலோஷிப் ஆண்டுக்கு 750 பேருக்கு உண்டு. முதுகலை மதிப்பெண்தான் அதற்கு அடிப்படை, அதனால் எந்த செமஸ்டரையும் விடக் கூடாது. சிக்கல் என்னவென்றால், காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களும் விண்ணப்ப மாதங்களும் ஒன்றாக வருகின்றன. நவம்பரில் ஆரம்பித்தால் வீட்டில் ஒரு கை குறையக் கூடாது. கோட்டாட்சியர் அலுவலகத்துக்காக இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வரும் ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி போகும். அதனால் சான்றிதழ், மார்க் ஷீட் நகல், புகைப்படம் எல்லாவற்றையும் அக்டோபருக்குள் ஒரே ஃபைலில் சேர்த்துவிட்டோம்.

எதை ஆராய ஆசை என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு காகிதத்தை எடுத்தாள். 2006 வன உரிமைச் சட்டத்தின் கீழ் அவள் பாட்டி கொடுத்த மனுவின் நகல். மடித்த இடமெல்லாம் கிழிந்து செல்லோடேப் ஒட்டியிருந்தது. தமிழ்நாட்டில் உரிமைப் பட்டா கொடுப்பது நீதிமன்ற உத்தரவால் பல ஆண்டு நின்றுபோன கதை அவளுக்குத் தெரியவில்லை. பாட்டியின் மனு ஏன் நகரவில்லை என்பது மட்டும் தெரிய வேண்டும் அவளுக்கு. கிராம சபையில் அன்றைக்கு யார் பேசினார்கள், யார் கையெழுத்துப் போட்டார்கள் என்று ஊரில் கேட்டு, முதல் ஐந்து பக்கத்தைத் தமிழிலேயே எழுதச் சொல்லியிருக்கிறேன். ஆங்கிலத்துக்கு அப்புறம் மாற்றிக்கொள்ளலாம். வருகிற சனிக்கிழமை முதல் பஸ்ஸில் அந்த ஐந்து பக்கத்தோடு இறங்கி வருகிறாள்.